குத்துவிளக்குக்குள் ஒரு கோயில்: நாச்சியார்கோயில் விளக்கு ஏன் தனி? வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பரங்கிப்பேட்டை, சிதம்பரம், கடலூர் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், சீர் லிஸ்டில் முதல் வரிசையிலேயே குத்துவிளக்கு வந்துவிடும். புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா என எதுவாக இருந்தாலும் விளக்கில்லாமல் தொடங்காது.

ஆனால் கடைக்குப் போனால் ஒரு குழப்பம். ஒரே உயரம், ஒரே மஞ்சள் நிறம், உச்சியில் ஒரே அன்னம். ஆனாலும் ஒரு ஜோடியின் விலை இன்னொரு ஜோடியைப் போல இரண்டு மடங்கு. "ரெண்டும் பித்தளைதானே, அப்புறம் ஏன் இவ்ளோ வித்தியாசம்?" என்று கேட்டால், "அது நாச்சியார்கோயில் விளக்கு சார்" என்று ஒரு வரியில் பதில் வரும்.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது? விளக்கின் வடிவத்துக்கும் நம்ம ஊர்க் கோயில் கட்டடக்கலைக்கும் என்ன தொடர்பு? கூடுதல் விலை நியாயமானதுதானா? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

- குத்துவிளக்கு நான்கு பாகங்களால் ஆனது. அவற்றின் அடுக்குமுறை கோயில் பீடம், தூண், கலசம் ஆகியவற்றை அப்படியே நினைவூட்டும்.
- கும்பகோணம் அருகே உள்ள நாச்சியார்கோயிலில் கையால் வார்க்கப்படும் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு.
- அந்தக் குறியீடு ஊர்ப் பெயரைத்தான் காக்கும், வடிவத்தை அல்ல. அதே தோற்றத்தில் யார் வேண்டுமானாலும் விளக்கு செய்யலாம்.
- அதனால் கைவேலையை அடையாளம் காண வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. அதற்குச் சில எளிய வழிகள் உண்டு.

விளக்கின் நான்கு பாகங்கள் என்னென்ன?

தரையில் உட்காரும் அகலமான பகுதி கீழ்பாகம். அதன் மேல் நிற்கும் தண்டுக்குக் கண்டம் என்று பெயர். எண்ணெய் ஊற்றித் திரி போடும் தட்டைத் தங்குளி என்பார்கள். உச்சியில் இருப்பது பிரபை. நாம் அதிகம் பார்க்கும் பிரபை அன்னப்பறவை.

இந்த நான்கும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, மரை போட்டு ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகப்படுகின்றன. வீட்டில் விளக்கைக் கழுவும்போது கழற்றி மாட்டுகிறோமே, அதே பாகங்கள்தான்.

இதில் கோயில் எங்கே வந்தது?

கோயிலைக் கட்டுகிற ஸ்தபதிகளின் கணக்கில் ஒரு விமானத்துக்கு ஆறு உறுப்புகள்: அதிட்டானம் எனும் பீடம், அதன் மேல் சுவரும் தூணுமாக நிற்கும் பாதம், கூரை விளிம்பான பிரஸ்தரம், கழுத்துப் பகுதியான கிரீவம், சிகரம், உச்சியில் ஸ்தூபி. கீழே அகன்று, நடுவில் ஒடுங்கி, மேலே மலர்ந்து, கூர்மையாக முடியும் அமைப்பு இது.

இப்போது ஒரு குத்துவிளக்கைப் பாருங்கள். கீழே அகன்ற பீடம், நடுவில் ஒடுங்கிய தண்டு, மேலே விரிந்த தட்டு, உச்சியில் அன்னம். அடுக்குமுறை அதேதான்.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால் ஒற்றுமை கூடும். கோயில் பீடத்தில் உருண்டையாகப் புடைத்து ஓடும் வரிக்குக் குமுதம் என்று பெயர். அதற்கு மேல் உள்வாங்கிய பகுதிக்குக் கண்டம் என்று பெயர். விளக்கின் கீழ்பாகத்திலும் உருண்டை வரி ஒன்று, அதையடுத்து உள்வாங்கிய பள்ளம் ஒன்று என்று மாறி மாறி வரும். கண்டம் என்ற சொல்லே கட்டடம், விளக்கு இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

சிதம்பரத்திலேயே பார்க்கலாம்

இதற்குப் புத்தகம் எதுவும் வேண்டாம். அடுத்த முறை சிதம்பரம் நடராசர் கோயிலுக்குப் போகும்போது ஒரு கல்தூணுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, கீழிருந்து மேலே பாருங்கள்.

தூணின் மேற்பகுதியில் கலசம், தாடி, கும்பம், இதழ், பலகை, போதிகை என்று உறுப்புகள் வரிசையாக வரும். கும்பம் என்பது குடம் போன்ற உருண்டை. அதன் மேல் தாமரை இதழ்கள் விரியும். இதழ்கள் ஒரு தட்டையான பலகையைத் தாங்கும். நல்ல குத்துவிளக்கிலும் தண்டின் மேல் முனையில் ஒரு குடம், அதிலிருந்து விரியும் இதழ்கள், இதழ்கள் தாங்கும் தட்டு என்ற அமைப்பைப் பார்க்கலாம். தூணில் பலகை கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. விளக்கில் அதே இடத்தில் இருக்கும் தட்டு எண்ணெயையும் தீயையும் தாங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே கோயிலில் தேர் வடிவில் கட்டப்பட்ட நிருத்த சபையின் தூண்கள் சிறியவை, நுணுக்கமான வேலைப்பாடு கொண்டவை. அவற்றைப் பார்த்தால் ஒரு விளக்குத் தண்டைக் கல்லில் பார்ப்பது போலவே இருக்கும்.

பூசையில் காட்டப்படும் தீபங்களிலும் கட்டட வடிவங்கள் உண்டு. தட்டுகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அடுக்கு தீபம் கோபுரத்தை நினைவூட்டும். தேர் வடிவில் ரத தீபம், கும்பத்தின் வடிவில் கும்ப தீபம் என்று தனித்தனிப் பெயர்களே இருக்கின்றன.

பாவை விளக்கு: சிலையே விளக்கானால்?

குத்துவிளக்கு தூணைப் போல நிற்கும் விளக்கு. பாவை விளக்கு அப்படியல்ல. இரு கைகளிலும் அகல் ஏந்தி நிற்கும் பெண்ணின் சிலைதான் இங்கே விளக்கு.

இது எவ்வளவு பழசு தெரியுமா? சங்க இலக்கியமான நெடுநல்வாடையில், பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிந்ததாக ஒரு குறிப்பு உண்டு. யவனர் என்றால் கிரேக்க, ரோமானிய நாட்டார். அவர்கள் கப்பலில் வந்து வணிகம் செய்ததற்கு அகழாய்வுச் சான்றுகள் கிடைத்த அரிக்கமேடு, புதுச்சேரிக்குப் பக்கத்தில், நம்ம கடற்கரையிலேயே இருக்கிறது. முல்லைப்பாட்டிலும் பாவை விளக்கு வருகிறது.

பிற்காலத்தில் இந்தப் பாவை கோயில் தூணோடு ஒன்றாகிவிட்டாள். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் 200-க்கும் மேற்பட்ட கல்தூண்களில் விளக்கேந்திய பாவைகள் நிற்கிறார்கள். சுசீந்திரத்திலும் இப்படிப்பட்ட வரிசை உண்டு. மாலையில் அகல்களில் எண்ணெய் ஊற்றி ஏற்றினால் நீண்ட நடை முழுக்க வெளிச்சம். கட்டடத்தையும் விளக்கையும் இங்கே பிரித்துச் சொல்லவே முடியாது.

உலோகப் பாவை விளக்குகளில் மனதைத் தொடும் ஒன்று, கும்பகோணம் அருகே திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலைச் சேர்ந்தது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தைச் சேர்ந்த அம்முனு பாய் என்ற பெண், தன் உறவினரான பிரதாப சிம்மரை மணக்க வேண்டும் என்று லட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதல் நிறைவேறியதும் விளக்குகளை ஏற்றி, அவற்றில் ஒன்றாகத் தன் உருவத்தையே பாவை விளக்காகச் செய்து வைத்தார். இந்தச் செய்தி அந்த விளக்கின் பீடத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு 1853.

விளக்கு கொடுத்தால் போதுமா? 96 ஆடுகளின் கணக்கு

விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எண்ணெய் இல்லாவிட்டால் அது வெறும் உலோகம். இதைச் சோழர் காலத்தில் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். ஒரு நந்தா விளக்குக்கு வழக்கமான கொடை 96 ஆடுகள். அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட கணக்குகள் வரிசையாக இருக்கின்றன.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, மூப்படையாது என்று பொருள். கிழடு ஒன்று போனால் குட்டி ஒன்று அந்த இடத்துக்கு வரும்; எண்ணிக்கை 96 மட்டும் குறையக்கூடாது. இன்றைய வங்கி வைப்புத்தொகை மாதிரி, முதல் அப்படியே இருக்க, வட்டியில் விளக்கு எரிந்தது.

நாச்சியார்கோயிலில் எப்படிச் செய்கிறார்கள்?

இங்கே விளக்கு செய்பவர்களைப் பத்தர்கள் என்பார்கள். அவர்கள் பின்பற்றுவது மண் அச்சு வார்ப்பு முறை. படிகள் இவைதான்:

1. இரண்டாகப் பிரியும் ஒரு சட்டப்பெட்டியில் ஈரப்பதம் உள்ள வண்டல் மண்ணை நிரப்பி இறுக்குவார்கள்.
2. விளக்குப் பாகத்தின் மாதிரியை அதில் பதித்து எடுப்பார்கள். மண்ணில் அந்த வடிவம் பள்ளமாக நிற்கும். உள்ளே குடைவாக இருக்க வேண்டிய பாகத்துக்கு, நடுவில் மண்ணாலேயே ஒரு கரு வைப்பார்கள்.
3. பித்தளையை மூசையில் போட்டு உலையில் உருக்குவார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான் பித்தளை. அது உருக, சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.
4. உருகிய உலோகத்தை அச்சின் வாய் வழியாக ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துப் பாகத்தை வெளியே எடுப்பார்கள்.
5. வெளியே வருவது சொரசொரப்பான, கருத்த ஒரு துண்டு. அதை அரத்தால் ராவி, கடைசல் பிடித்தால்தான் வளையங்கள் கூர்மையாக வரும்.
6. அன்னத்தின் இறகு, கண், வால் எல்லாம் சிற்றுளியால் செதுக்கப்படும். கடைசியாக மெருகு.

அதாவது ஒரு விளக்கு, வார்ப்பவர், கடைசல் பிடிப்பவர், செதுக்குபவர், மெருகேற்றுபவர் என்று பல கைகள் மாறித்தான் கடைக்கு வருகிறது. வார்ப்பில் உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கினால் போச்சு. கடைசல் பிடிக்கும்போது ஓட்டை தெரியும். அந்தத் துண்டு மறுபடி உலைக்குத்தான் போகும்.

சுவாமிமலை முறை வேறயா?

ஆமாம். கும்பகோணத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கும் சுவாமிமலையில் தெய்வச் சிலைகளுக்கு மெழுகு வார்ப்பு முறை. முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்து, மேலே களிமண் பூசிக் காயவைத்துச் சூடேற்றுவார்கள். மெழுகு உருகி வெளியே ஓட, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றப்படும். அச்சை உடைத்தால்தான் சிலை கிடைக்கும். ஒரு மெழுகு உருவுக்கு ஒரே ஒரு சிலை. நுணுக்கமான பாவை விளக்குகளுக்கு ஏற்ற முறை இதுதான். அதனால் அவற்றின் விலையும் குத்துவிளக்கைவிடக் கூடுதல்.

ஏன் நாச்சியார்கோயில் மட்டும்?

இதற்குப் பதில் மண். காவிரியின் கிளையாறுகள் கொண்டுவந்து சேர்க்கும் இளம்பழுப்பு வண்டல் மிக நைசானது. ஈரத்தில் நன்றாகப் பிடித்து நிற்கும், மாதிரியின் சின்ன வரியைக்கூட விடாமல் வாங்கிக்கொள்ளும். இந்த மண்ணுக்காகவே 19-ஆம் நூற்றாண்டில் நாகர்கோவில் பக்கமிருந்து சில பத்தர் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

ஒரு தொழில் ஓர் ஊரில் நிலைக்கத் திறமை மட்டும் போதாது என்பதற்குப் பரங்கிப்பேட்டையே சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-ல் இங்கே ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். இங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்து வரை போனது. ஆனால் தாது சேலம் பக்கத்திலிருந்து வர வேண்டும். உலைக்கு மலைமலையாக மரக்கரி வேண்டும். காடு சுருங்கி, கரி கிடைப்பது கடினமானது, செலவு ஏறியது. இங்கிலாந்தில் நிலக்கரியில் உருக்கிய இரும்போடு போட்டி போட முடியவில்லை. சில பத்தாண்டுகளில் ஆலையே நின்றுபோனது.

அந்த ஆலைக்குத் தாதுவும் கரியும் எப்படியோ, நாச்சியார்கோயிலுக்கு மண்ணும் பித்தளையும் அப்படி. இரண்டும் கைக்கு எட்டும் வரை, அதன் மதிப்பு தெரிந்த வாடிக்கையாளர் இருக்கும் வரைதான் பட்டறையில் உலை எரியும்.

புவிசார் குறியீடு இருக்கே, அது போதாதா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு பொருளோடு ஒட்டிய ஊர்ப் பெயரைப் பாதுகாக்கிறது. வேறு ஊரில் செய்த விளக்கை 'நாச்சியார்கோயில் குத்துவிளக்கு' என்று சொல்லி விற்றால் அது சட்டப்படி குற்றம்.

ஆனால் பெயரைச் சொல்லாமல், அதே அன்னம், அதே வளையம், அதே உயரத்தில் இயந்திரத்தில் செய்த விளக்கை விற்றால்? அதை இந்தச் சட்டம் தடுக்காது. வெறும் 'அன்ன விளக்கு' என்று போட்டு விற்கலாம்.

விளைவு என்ன? மெல்லிய தகட்டில் இயந்திரம் விரைவாகச் செய்து தள்ளும் விளக்கும், பல நாள் கைவேலையில் உருவான விளக்கும் கடையில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வித்தியாசம் தெரியாதவர் விலை குறைந்ததைத்தான் எடுப்பார். அதில் அவர் தவறு ஒன்றுமில்லை, யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இப்படியே போனால் பட்டறையில் அடுத்த தலைமுறை உளியைக் கையில் எடுக்க என்ன காரணம் இருக்கும்?

வாங்கப் போறீங்களா? இந்த 7 விஷயத்தைப் பாருங்க

- காந்தம் வைங்க: பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான்.
- தூக்கிப் பாருங்க: வார்ப்பு விளக்கு கனமாக இருக்கும். ஒரே உயரமுள்ள இரண்டை இரண்டு கையிலும் எடுத்தாலே தெரிந்துவிடும். எடைபோட்டு விலை சொல்லச் சொல்லுங்க.
- கவிழ்த்துப் பாருங்க: கைவார்ப்பு விளக்கின் அடியில், மெருகேறாத உட்புறத்தில், மண்ணின் சொரசொரப்பு தெரியும். தகட்டு விளக்கின் உட்புறம் வழவழப்பாக, விளிம்பு மெல்லிசாக இருக்கும். எடை கூட்டுவதற்காக உள்ளே வேறு ஏதாவது அடைத்திருக்கிறதா என்றும் பாருங்க.
- கழற்றி மாட்டுங்க: மரை தடையில்லாமல் ஏறணும். மாட்டிய பிறகு விளக்கு ஆடக்கூடாது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் நேராக நிற்கணும்.
- அன்னத்தின் இறகைப் பாருங்க: உளியால் செதுக்கிய கோடு கூர்மையாக இருக்கும், ஒரு கோடு போல இன்னொன்று இருக்காது. ஒரு ஜோடியில் இரண்டு அன்னமும் இம்மி பிசகாமல் ஒன்றாக, கோடுகள் மழுங்கி இருந்தால் அது அச்சு மட்டும்தான்.
- தண்ணீர் ஊற்றுங்க: தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தால் கசிவு இருக்கா, தட்டு சமமாக இருக்கா என்பது உடனே தெரியும்.
- பில் கேளுங்க: எந்த ஊரில் செய்தது, எத்தனை எடை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. உண்மையிலேயே நாச்சியார்கோயில் விளக்கு என்றால் எழுதித் தர யாரும் தயங்க மாட்டார்கள்.

தமிழக அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகாருக்கு நாச்சியார்கோயிலிலேயே உற்பத்தி நிலையம் உண்டு. பூம்புகார் கடைகளில் ஒருமுறை விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு வெளியே விலை விசாரித்தால் ஒப்பிடுவது சுலபம். கும்பகோணம் வரை போக முடிந்தால், பட்டறையிலேயே நேரில் பார்த்து வாங்கலாம்.

எல்லா விளக்கிலும் அன்னம்தான் இருக்குமா?

இல்லை. பிரபை தனிப் பாகம் என்பதால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மயில், நந்தி, லிங்கம், திருநாமம் என்று பல வடிவங்கள் உண்டு. உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்குகளைத் தேவாலயங்களில் பார்க்கலாம். தெய்வ உருவம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு வெறும் மொட்டு வடிவம் இருக்கிறது.

கூடுதல் விலை நியாயம்தானா?

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏற்றப்போகிற சின்ன விளக்கு என்றால், எளிய விளக்கே போதும், அதில் குறையில்லை. ஆனால் சீராகக் கொடுத்து, அடுத்த தலைமுறைக்கும் போக வேண்டிய விளக்கு என்றால் கணக்கு வேறு. தகட்டு விளக்கு நசுங்கினால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். வார்ப்பு விளக்கில் தட்டு உடைந்தால், தட்டை மட்டும் புதிதாக வார்த்து மாட்டலாம். என்றைக்காவது விற்க வேண்டி வந்தாலும் கனமான பித்தளைக்குப் பழைய விலை கிடைக்கும்.

பராமரிப்பும் பெரிய வேலை இல்லை. பாகங்களைக் கழற்றி, ஊறவைத்த புளியால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து மாட்டினால் போதும். செதுக்கு வேலை உள்ள இடத்தில் கம்பி நார் போடாதீங்க, கோடு மழுங்கிவிடும். ஆசிட் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே அம்மாவோ பாட்டியோ கொண்டுவந்த குத்துவிளக்கு ஒன்று இருக்கலாம். இன்றைக்கு அதைக் கழுவும்போது ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கைக்குச் சொரசொரவென்று தட்டினால், அது காவிரி வண்டல் விட்டுப்போன தடமாக இருக்கலாம். சிலருடைய விளக்கில் கொடுத்தவர் பெயரும் தேதியும் அங்கேயே வெட்டியிருக்கும்.